சுவிட்சின் மேல் ஒரு கை

கல்யாணமான நாளிலிருந்து தாமோதரன் விளக்கை அணைத்துவிட்டுத்தான் மனோன்மணியின் பக்கத்தில் வருவான். வெறும் கூச்சம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்லூரி விடுதியின் குளியலறையில் அவன் ஆணுறுப்பின் அளவைப் பார்த்து எவனோ செய்த கேலியை நெஞ்சிலேயே வைத்திருந்து, நாற்பது வயதுக்கு மேல் கத்திக்கு உடம்பைக் கொடுப்பான் என்று அவள் கண்டாளா?

தையல் பிரித்து, புண்ணும் ஆறி, இன்று கடைசிப் பரிசோதனை. திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார்.

"புதுசா எதையும் ஒட்டலம்மா. எலும்போட இழுத்துப் பிடிச்சிருந்த நாரை வெட்டிவிட்டோம். உள்ளே இருந்தது கொஞ்சம் வெளியே வந்திருக்கு, அவ்வளவுதான். சாருக்குத் திருப்தி. உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?"

பின்னாலேயே வந்த தாமோதரன், பரீட்சை எழுதிய பையனைப் போல அவள் வாயையே பார்த்தான்.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் மனோன்மணி. "இவர் விளக்கை எரியவிட்டாத்தானே."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"அவர்கிட்டப் போய் அப்படிச் சொல்லணுமா?" என்றான் தாமோதரன், வீடு திரும்பிப் படுக்கையறைக்குள் வந்ததும்.

"வேற என்னங்க சொல்ல? அந்த நேரத்துல உங்க முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும். இத்தனை வருஷமா எனக்கு இருக்கிற ஆசை அது ஒண்ணுதான்."

அவன் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். தடுக்கவில்லை; சும்மா வைத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.