தோட்டா வார்

கல்யாண வீட்டுக்கும் சிவசங்கரன் தோட்டா வாரை மாட்டிக்கொண்டுதான் வருவார். பன்றி விரட்டத் துப்பாக்கி லைசென்ஸ் ஊரில் அவருக்கு மட்டும்தான். வீடியோக்காரனும் அவரையே சுற்றினான். லைசென்ஸ் கிடைக்காத பூதலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

பந்தியில் உட்காரக் கழற்றிய வார், கை நழுவித் தரையில் விழுந்தது. பூதலிங்கம் அலறிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தார். பந்தியே சிரித்தது; பூதலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகியும்தான்.

"ஏன் வே ஓடுதீரு?" என்றார் சிவசங்கரன். "கீழ விழுந்தாலெல்லாம் தோட்டா வெடிக்காது. துப்பாக்கி ஊசி அடியில குத்தணும். வெடிச்ச தோட்டாவுல அந்தக் குழி தெரியும்."

காலடிக்கு உருண்டு வந்த தோட்டாவைப் பூதலிங்கம் எடுத்தார். அடியில் குழி. வாரைத் திருப்பினார். அத்தனையிலும் குழி.

"நீரு சொன்னது நெசம்தான் வே," என்றார், பந்திக்கே கேட்கும்படி. "இது எப்பவும் வெடிக்காது!"

வெறும் கூட்டைப் பிரம்மநாயகியின் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.