லேசர் துப்பாக்கி

"மூணு தடவை கூப்பிட்டாச்சு, காதுல விழுதா இல்லையா?" சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தாள் மைதிலி.

டிவி திரையில் வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த மகள் ஜோதியின் காதில் ஹெட்போன். அதை வெடுக்கென்று கழற்றினாள் மைதிலி.

"பக்கத்துலயே அப்பா உட்கார்ந்திருக்காரு. நாலு வார்த்தை பேசக் கூடாதா?"

"பேசினா பதிலே வரலைம்மா. அவருக்குத் தொந்தரவா இருக்கும்னுதான் சத்தமில்லாம ஆடுறேன். ஐயோ, ஏலியன் தலைவன் வந்துட்டான்! ஒரே நிமிஷம்மா!"

"நிமிஷமாவது, மண்ணாவது!" பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள் மைதிலி.

அதற்குள் ஜோதி சுட்டுவிட்டாள். திரை முழுக்க வெள்ளை வெளிச்சம் வெடித்தது. சட்டென்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தாயுமானவனின் இடது கை முகத்துக்கு முன்னால் எழுந்தது. முப்பது வருடம் தொழிற்சாலையில், வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாமல் ஷீல்டு பிடித்த கை.

மைதிலி அப்படியே நின்றுவிட்டாள். ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்த நாளிலிருந்து, எல்லாமே இருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர்!

"என்னங்க... தெரிஞ்சுதா?"

"என்னமோ பளிச்சுனு அடிச்சுது, மைதிலி."

பிளக்கை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள் மைதிலி.

"என்னடி பார்த்துக்கிட்டு இருக்க? சுடுடி, இன்னொருத்தனைச் சுடு!"