லோஜினி கேட்ட சிங்கம்

"எனக்கு யானை வேணாம். லயன்தான் பாக்கணும்," என்றாள் லோஜினி, வாய் நிறைய பிஸ்கட்டோடு.

ஹோலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆகஸ்ட் லீவுக்குக் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த அவளுடைய பெரியப்பா, அம்மாவின் அக்கா கணவர் மிலான், மேசையில் விரித்திருந்த இலங்கைப் படத்திலிருந்து தலையை நிமிர்த்தி, நம் நாட்டுக் காடுகளில் சிங்கமே கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். "லயன் பாக்க வேன் எதுக்கு மகள்? நம்ம கொடியப் பாத்தாலே போதும்."

"இதுகூடத் தெரியாதா? நீ இன்னும் பேபி கிளாஸா?" என்றான் அவர் மகன் ஜெனுஷன்.

லோஜினியின் அப்பா பத்திநாதனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அவன் கண் மிலானின் கையிலிருந்த பென்சிலைவிட்டு நகரவில்லை. அது நுவரெலியாவிலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதில்தான் அவன் உயிர் இருந்தது.

இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போவதாக ஏற்பாடு. மின்னேரியாப் பூங்காவில் யானைக் கூட்டம், பொலன்னறுவையில் கற்சிலைகள், கடைசியில் சீகிரியா. பென்சில் கொஞ்சம் யோசித்துவிட்டு ராகலையில் வந்து நின்றது. அங்கிருந்து வலப்பனை, மகியங்கனை என்று இறங்கினால் கிட்ட என்றார் மிலான்.

"அது வேணாம் அண்ணே. ஒரே வளைவு. புள்ளைங்க வாந்தி எடுக்கும். கண்டி வழியா போவோம்."

"ஏன், கண்டிப் பாதை என்ன நேராவா போகுது?"

"எனக்கு ராகலைப் பக்கம் வழியும் தெரியாது அண்ணே."

நுவரெலியாவில் இத்தனை காலம் இருந்துகொண்டு ராகலைக்கு வழி தெரியாதா என்று மிலான் வியந்தார். ஆபீசும் வீடுமாகவே இருந்துவிட்டதாகப் பத்திநாதன் சொன்னான். டீ ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி டோரீன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராகலையைத் தாண்டிய ஒரு வளைவில், ரோட்டோரமாக, நீளமான ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேதான் பத்திநாதன் பிறந்தான். கல்யாணப் பேச்சின்போது, அப்பா தேயிலை ஃபெக்டரியில் ஒபிசர் என்றும் தான் குவாட்டர்ஸில் வளர்ந்தவன் என்றும் சொல்லிவிட்டான். அப்பா வாழ்நாள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டியவர். டோரீனுக்கு உண்மை பிறகு தெரிந்தது. அவளுடைய அக்கா வீட்டுக்கு இன்றுவரை தெரியாது. அந்த வளைவில் வேன் மெதுவாகும். யாராவது ஒருவர் அடையாளம் கண்டு, "அடே பத்தி" என்று கைகாட்டி நிறுத்தினால் போதும்.

கடைசிக் காலத்தில் அப்பா இந்த வீட்டில்தான் இருந்தார். கொழும்பு ஆட்கள் வரும்போதெல்லாம், "குவாட்டர்ஸ்னு சொல்லுங்கப்பா," என்று பத்திநாதன் அவர் காதில் கிசுகிசுப்பான். அவர் தலையாட்டிவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே இருவரும் என்ன பேசுவார்கள் என்று அவன் கேட்டதில்லை.

போன நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் போய்விட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறி பிடித்து ஆட்கள் வந்து, முறை வைத்துப் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். யார் இவர்கள் என்று மிலான் கேட்டபோது, அப்பாவுக்குக் கீழே வேலை செய்தவர்கள் என்றான் பத்திநாதன். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான்.

"அப்ப லயன் பாக்க மாட்டோமா?" லோஜினி மறுபடியும் தொடங்கினாள். "அங்க குடும்பம் குடும்பமா இருக்குமாம். மழை வந்தா எல்லாம் ஒண்ணா உள்ள பூந்துக்குமாம். தாத்தா சொன்னாங்க."

அது சரிதான், சிங்கம் குடும்பமாகத்தான் வாழும் என்றார் மிலான்.

"தாத்தா எங்க லயனக் கண்டாரு? ஒனக்குச் சோறு ஊட்ட எதையாவது கதை விட்டிருப்பாரு," என்றான் பத்திநாதன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

"தாத்தா ஒண்ணும் கதை விடல."

டோரீன் கேத்தலைக் கீழே வைத்தாள். மகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "லோஜி, உள்ள வா," என்று கையைப் பிடித்தாள்.

மிலான் விடவில்லை. "இருங்க டோரீன், பிள்ளை பேசட்டும். சொல்லுங்க மகள், அந்த லயனுக்கு வாய் எவ்வளவு பெருசு?"

"வாய் இல்ல பெரியப்பா. கதவுதான். நெறைய கதவு, வரிசையா."

யாரும் சிரிக்கவில்லை. பென்சில் ராகலை மேலேயே நின்றிருந்தது. பத்திநாதன் மகளைப் பார்க்க முடியாமல் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா பொறந்த லயன் வீடு. அப்பாவுக்கு அந்த வழி நல்லாத் தெரியும்னு தாத்தா சொன்னாங்க."