திரும்பி வரும் பெட்ரோல்

“இந்தத் தகரத்த விக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதியில்ல” என்றாள் மஸாஹிரா, காரை வாங்க வந்தவருக்கே கேட்கும்படி.

நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்த பொன்னுத்துரை சங்கடமாகச் சிரித்தார். அவளுடைய கணவன் அஸ்ஃபர் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற வசனம் அது.

கண்டி மஹியாவையில் அவர்கள் வீட்டு முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் பழைய நீல டட்சன். அதன் காபரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜெக்ஷனுக்கு மாற்றியிருந்தான் அஸ்ஃபர். சப்பாத்துக்கடையை மூடிவிட்டு வந்தால், காரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்தான் மனைவிக்குக் கிடைத்த கணவன்.

“காரா, நானா என்டு ஒரு முடிவெடுங்க” என்று போன மாதம் கத்தினாள். அவன் முடிவெடுத்துவிட்டான். இணையத்தில் விளம்பரம் போட்டான். ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மனமில்லாமல், மஸாஹிராவின் போன் நம்பரையே கொடுத்தான். அன்றிலிருந்து மாலையில் நேரத்தோடு வீட்டுக்குள் வந்து, கதிரையில் உட்கார்ந்து, அவள் பேசினாலும் சுவரையே பார்த்தான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

பழைய கார் வாங்குபவர் தனியாக வருவதில்லை. குறை கண்டுபிடிக்கக் கூடவே ஒரு மெக்கானிக் பாஸ் வருவார். பொன்னுத்துரைக்குக் கண்டியில் எந்த மெக்கானிக்கையும் தெரியாது. விளம்பரத்திலிருந்த நம்பரிலேயே விசாரித்தபோது, பொய் சொல்லாத மனிதர் என்று கிடைத்த பெயர்தான் இப்திகார் பாஸ்.

பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சலாம் சொன்னார். டிக்கியைத் திறந்து டோர்ச் அடித்தார்.

“இதென்ன, டாங்கிக்குப் பக்கத்தில ஒரு குட்டி டாங்கி?”

“சேர்ஜ் டாங்க் பாஸ்” என்றான் அஸ்ஃபர். “பெட்ரோல் கொறஞ்ச நேரம் மலை வளைவுல திரும்பினா, பெரிய டாங்கியில ஒரு பக்கமாச் சாஞ்சிரும். பம்ப் காத்த உறிஞ்சும். வண்டி நிண்டிரும். இந்தக் குட்டி டாங்கி எப்பவும் நெறஞ்சே ஈக்கும். தெல்தோட்டை ஏத்தத்தில கூட இது நிக்கல்ல.”

“ஒரு காருக்கு ரெண்டு டாங்கி! ஒங்களுக்கு ரெண்டு வகுறா ஈக்குது?”

பொன்னுத்துரை காரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

“இந்த ஹோஸ் என்னத்துக்கு இவ்வளவு தடிப்பு? ஃபயர் பிரிகேட்டுக்குக் குடுக்கவா?”

“காபரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேந்தாப் போதும் பாஸ். இன்ஜெக்டருக்கு நல்ல பிரஷர்ல போகணும். பழைய ஹோஸ் போட்டா வெடிச்சு, நெருப்புப் பிடிக்கும்.”

“கேட்டீங்களா ஐயா? நெருப்புப் பிடிக்கும் என்டு அவரே சொல்றார்.”

“பழைய ஹோஸ் போட்டா என்டுதானே சொன்னேன்!”

மஸாஹிரா தட்டில் பிளேன்டீ கொண்டுவந்தாள். “ஒங்களுக்குச் சீனி எவ்வளவு?” என்று பொன்னுத்துரையிடம் கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். சீனி போடாத கோப்பையை பாஸிடம் நீட்டினாள்.

“இந்தக் குழாய் எங்க போகுது?” என்றார் பாஸ்.

“அது ரிட்டர்ன் லைன். எஞ்சின் எடுத்தது போக மிச்சப் பெட்ரோல் திரும்பி டாங்கிக்கே வரும்.”

“குடுத்ததத் திருப்பி வாங்குறீங்க! ஒங்கட சப்பாத்துக்கடையிலயே வித்தத திருப்பி எடுக்கிறதில்லயே?” பாஸ் ஒரு மிடறு குடித்தார். “இத செய்தவனுக்கு விலங்கு போடணும்.”

“செய்தது நான்தான்.”

“நான் பேர் சொல்லல்லயே.”

அஸ்ஃபரின் காது சிவந்தது. காருக்குள் ஏறிச் சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. பொனட்டின் மேல் பொன்னுத்துரை வைத்திருந்த கோப்பையில் தேநீர் அசையவில்லை.

“அட, சத்தமே இல்லீங்களே!” பொன்னுத்துரையின் முகம் மலர்ந்தது. கை சட்டைப்பை வரை போனது.

“அதுதான் ஐயா எனக்குப் பயம்” என்றார் பாஸ். “சத்தம் போடுற வண்டி நிக்கிறதுக்கு முந்திச் சொல்லும். இது சொல்லாமக் கொள்ளாம நிண்டிரும்.”

சட்டைப்பையிலிருந்து கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

“புள்ளகுட்டிய ஏத்திக்கிட்டு மலையில போறவன் நானு. மன்னிச்சிருங்க தம்பி.” பொன்னுத்துரை பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.

அஸ்ஃபர் டிக்கியை மெதுவாக மூடினான். விலை படியாமல் போயிருந்தால் தாங்கியிருப்பான். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிக் கழற்றிப் பூட்டிய வேலைக்கு விலங்கு என்றால் எப்படித் தாங்குவது?

“ஒழுங்கான ஆள்ட்ட வேலயக் குடுத்திருந்தா இன்டைக்கு என்ட வீட்டு முத்தம் காலியாயிருக்கும்” என்றாள் மஸாஹிரா.

“இனி இத யாரும் வாங்க மாட்டாங்க.”

“அது என்ட தலையெழுத்து!”

அஸ்ஃபர் ஒரு துணியை எடுத்து நீலக் கதவைத் துடைக்கத் தொடங்கினான். விற்கப் போகிறவன் துடைப்பதுபோல் இல்லை அது. கொஞ்ச நேரத்தில் துணி கீழே கிடந்தது. காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மஸாஹிரா அந்தக் கால்களை முறைத்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தாள். அங்கே பாஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். புருஷனைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு இன்றைக்கு அவர் வாங்கிக் கட்டப்போகிறார் என்று பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு மாவனல்லையில இருந்து ஒராள் வாறார் பாஸ், அவரையும் இதே மாதிரித் துரத்தி விடுங்க.”