சனிக்கிழமை சானா

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து ஐந்து மாதம். கணவர் கவுக்கோவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த இர்யாவிடம் புது நர்ஸ் பரிவாகத்தான் சொன்னாள், பாவம்.

"சிலிகான் வைக்கலாம். வயித்துச் சதைய எடுத்தும் மார்பு செய்யலாம். வேணாம்னா, தழும்போட அப்படியே விட்டுடலாம்."

"சானா நீராவிக் குளியல்ல எல்லாரும் துணியில்லாமத்தானே உக்காருவோம்," என்றாள் இர்யா. "அஞ்சு மாசமா சனிக்கிழமை அந்தப் பக்கமே போறதில்ல. கூட்டாளிங்க பார்த்துடுவாங்கன்னு பயம்."

கவுக்கோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டாளிங்க கெடக்கட்டும். உங்களுக்கு எது வேணும்?" என்றாள் நர்ஸ்.

இர்யா கணவரைப் பார்த்தாள்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது. "உங்க உடம்புக்கு அவரக் கேட்டுத்தான் முடிவு பண்ணணுமா?"

கவுக்கோ மெல்லச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இடது மார்பில் காம்பு இல்லை. நீளத் தழும்புதான் இருந்தது.

"ஆம்பளைக்கும் வரும்னு ஆஸ்பத்திரியிலயே தோணலியேம்மா," என்றார். "சானால நான் என்னன்னு சொல்றது?"