யாருக்கும் இல்லாத பெயர்

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் புது அதிகாரிக்கு அன்று முதல் நாள். பதிவேட்டைப் புரட்டியவர் கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஐம்பது வருஷமா ஒரே ஒருத்திக்கு இருந்த பேரு, இந்த வருஷம் இருபத்துமூணு குழந்தைக்கா? போலின்னா வேலை போயிடும்மா!"

"எல்லாம் அசல் குழந்தைங்க சார். 'யாருக்கும் இல்லாத பேரா சொல்லுங்க'ன்னு கேக்கறவங்களுக்கு நான்தான் சொல்வேன்."

"ஒரே சரக்கை இருபத்துமூணு பேருக்கா? எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துல இந்தப் பேரைக் கூப்பிட்டா வகுப்பே சிரிக்கும் சார். இனிமே கூப்பிட்டா நாலு பேராவது சேர்ந்து எழுந்திருக்கட்டும்."

"அந்த முதல் ஒருத்தி யாரு?"

கிளார்க் அம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்து, தன் கையெழுத்தைக் காட்டினார். அதே பெயர்.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆண் குழந்தைன்னு வந்தா, என் பேரையும் கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்மா."