ஏழாம் எண் ரத்தம்

ஏழாம் எண் ரத்தம் இருந்த பாட்டிலில் டாக்டர் பெர்த்தியே கிருமிநாசினியை ஊற்றப் போன நொடியில், அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் சொலான்ஜ் பாய்ந்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கினாள்.

“கொடும்மா அதை. நோயாளி ரத்தம் இதுல கலந்துடுச்சு. நாளைக்குப் பாரிஸ்ல அத்தனை டாக்டருங்க முன்னாடி, எய்ட்ஸுக்குக் காரணம் இந்த வைரஸ்தான்னு சொல்லப் போறேன். நல்லா இருக்கிறவங்க ரத்தத்துலயும் அது தெரிஞ்சா, சிரிச்சே விரட்டிடுவாங்க.”

அது 1983. அந்த நோய் எதனால் வருகிறதென்று யாருக்கும் தெரியாத வருஷம்.

“நோயாளி பாட்டில் பக்கத்துலகூட இதை நான் வைக்கல டாக்டர்.”

“அப்போ வைரஸ் நடந்து வந்துச்சா?”

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமென்றால், அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எல்லாருமே முறை வைத்துக் கை நீட்டுவார்கள். பாட்டிலில் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது சொலான்ஜுக்கு மட்டுமே தெரியும்.

“ரத்தத்துல இருக்கிற செல்லுங்களை மூணு தடவை புதுசா வளர்த்துப் பார்த்துட்டேன். மத்தவங்க ரத்தமெல்லாம் சுத்தம். ஏழாம் நம்பர்ல மட்டும் வைரஸால செல்லுங்க செத்துக்கிட்டே இருக்கு.”

டாக்டர் கைத்தடியைத் தரையில் தட்டினார். போன வருஷம் நடந்த கார் விபத்துக்குப் பிறகு அது இல்லாமல் அவரால் நிற்க முடியாது.

“யாரும்மா அந்த ஏழு? படுத்த படுக்கையா?”

“இல்லை. தினம் நம்மோட உட்கார்ந்து காபி குடிக்கிறவர்தான்.”

“அப்புறம் வைரஸ் எப்படி உள்ளே போயிருக்கும்?”

சொலான்ஜ் பாட்டிலை மெல்ல மேஜைமேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்த விபத்தப்போ, ஆஸ்பத்திரியில உங்களுக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க, டாக்டர்?”